ஊர்ப் பெயருக்குக் கீழே

செய்தி வந்தபோது நான் மைசூர் மண்டி மொஹல்லாவில் ஒரு பாத்திரக் கடையில் நின்றுகொண்டு, அடுப்புப் பற்றவைக்கும் லைட்டர் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்த நாட்டில் செய்தது என்று எங்கேயாவது பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள், அதைத் தேடிக்கொண்டிருந்தேன். கடைக்காரருக்குப் பொறுமை போய்விட்டது. "மேடம், லைட்டர்ல என்ன ஓதிட்டிருக்கீங்க? அமுக்கினா பத்தும், அஷ்டே, அவ்வளவுதான்" என்றார். பதில் சொல்ல வாயெடுத்தபோது கைப்பேசி அடித்தது. அமெரிக்காவிலிருந்து சாந்தி, பழனிசாமி அண்ணனின் மகள். "அப்பா ஹோக்பிட்ரு ஆண்ட்டி" என்றாள். அழுகை வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் வரும். அப்பா போய்விட்டாராம். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் போய்ப் பார்த்திருக்கிறார்கள். லைட்டரை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு நஞ்சன்கூடு பஸ்ஸைப் பிடித்தேன்.

பழனிசாமி அண்ணனை உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். நீங்கள் அவரோடு தொழிற்சாலை ஷாப்பில் இயந்திரங்களுக்கு நடுவே நின்றவர்கள், நான் மாடியில் ஏற்றுமதிப் பிரிவில் காகிதம் புரட்டியவள். ஆனாலும் அவரைப் பற்றி எழுதச் சொல்லி என்னைத்தான் கேட்டீர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நஞ்சன்கூட்டில் நாங்கள் வேலை பார்த்த தொழிற்சாலை ஸ்பேனர்கள் செய்தது. முக்கால்வாசி அமெரிக்காவுக்குத்தான் போகும். அண்ணன் தமிழ்நாட்டு எல்லையோரம் ஹனூர் பக்கத்து ஆள். முத்திரை குத்தும் பிரஸ்ஸில் ஆபரேட்டர். அடித்து வடித்து வந்த ஸ்பேனரை எழுத்து வெட்டிய டையில் வைத்துப் பெடலை மிதித்தால், ஒரு பக்கம் அளவும் மறுபக்கம் 'மேட் இன் இந்தியா' என்றும் ஆங்கிலத்தில் பதியும். அதற்கப்புறம்தான் சூடேற்றுவது, மெருகு போடுவது எல்லாம். அவர் மிதிக்காமல் ஒரு ஸ்பேனரும் நாட்டைவிட்டுப் போனதில்லை.

சரக்கு இந்தியாவில் செய்ததுதான் என்று நானும் தாளில் எழுதி அனுப்பவேண்டியிருந்தது. அதைச் சொல்லித்தான் என்னை எப்போதும் சீண்டுவார். "அம்மிணி, நீங்களும் இந்தியான்னு எழுதறீங்க, நானும் இந்தியான்னு எழுதறேன். நனைஞ்சா யாரு எழுதுனது நிக்குமுங்க?" கேண்டீனில் எல்லோரும் சிரிப்பார்கள். என்னை அம்மிணி என்று கூப்பிட்ட ஒரே மனிதர் அவர். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அந்தச் சொல்லே அவர் வாயால்தான் அறிமுகம். முதல் தடவை கோபம்கூட வந்தது. பிறகு யாரும் அப்படிக் கூப்பிடாத நாள்களில் ஏதோ குறைவதுபோல இருக்கும்.

அந்த பிரஸ் வந்து இறங்கிய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். அமெரிக்காவில் மூடிப்போன ஒரு தொழிற்சாலையிலிருந்து கம்பெனி மொத்தமாக வாங்கிய இயந்திரங்களில் அதுவும் ஒன்று. மரச்சட்டத்தைப் பிரித்தால், பச்சைப் பெயிண்ட் அடித்த கனமான உடம்பு. பித்தளைத் தகட்டில் ஒஹாயோ மாநிலத்துச் சிற்றூர் ஒன்றின் பெயர். பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் கையால் எழுதிய ஒரு சொல்: டோரிஸ். பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்புப் பூ. பெடலின்மேல் பழைய கம்பளத் துண்டு ஒன்றைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தது. "பார்றா, மிஷினு செருப்புப் போட்டுக்கிட்டு வந்திருக்குது" என்றார் அண்ணன்.

டோரிஸ் என்பது இயந்திரத்தின் பெயர் என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டினோம். அதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நம் ஊரில் லாரிக்குப் பெயர் உண்டு, பஸ்ஸுக்கு உண்டு, ஆட்டோவுக்கு உண்டு. பெயரைச் சுற்றிப் பூவும் கொடியும் வரைந்திருப்பார்கள். அமெரிக்காக்காரனும் நம்மைப்போலத்தான் போலிருக்கிறது என்று கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. ஒரு வாரத்தில் டோரிஸ், டோரிஸம்மாவாகிவிட்டாள். பெல்ட் நழுவினால் "டோரிஸம்மாவுக்கு இன்னிக்கு மனசு சரியில்லீங்க" என்று சூப்பர்வைசரிடம் அண்ணன் முகம் மாறாமல் சொல்வார்.

ஆயுத பூஜைக்கு வரும் அர்ச்சகர் ஒவ்வோர் இயந்திரத்தின் முன்பும் கம்பெனி பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்துகொண்டே போவார். அண்ணன் மட்டும் விடமாட்டார். "சாமி, இதுக்குத் தனிப் பேரு இருக்குதுங்க. டோரிஸுன்னு சொல்லுங்க." அர்ச்சகரும் சளைத்தவர் இல்லை. நட்சத்திரம் என்ன என்று கேட்டார். "ரேவதி" என்றார் அண்ணன், இயந்திரம் வந்து இறங்கிய நாளின் நட்சத்திரத்தைக் கணக்கிட்டு. கோத்திரம் தெரியாதவர்களுக்குச் சிவ கோத்திரம் என்று சொல்வது வழக்கம், அதையே வைத்தார்கள். சிவ கோத்திரம், ரேவதி நட்சத்திரம், டோரிஸ் என்று வருஷாவருஷம் அர்ச்சனை நடந்தது. சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, செவந்திச் சரம் போட்டு, வாசலில் பூசணிக்காய் உடைப்போம். அந்தப் பெயருக்கு உரியவள் உயிரோடு இருக்கிறாள் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை.

அண்ணனின் மனைவி காலமான பின் சாந்தி கல்யாணமாகி அமெரிக்கா போனாள். குழந்தை பிறந்ததும் அப்பாவை வரவழைத்தாள். அவள் வீட்டிலிருந்து காரில் போகிற தூரத்தில்தான் பித்தளைத் தகட்டில் இருந்த அந்த ஊர் என்று தெரிந்ததும் அண்ணன் பிடிவாதம் பிடித்திருக்கிறார். "டோரிஸம்மாவோட பொறந்த வீட்டைப் பார்க்கோணும் கண்ணு" என்பதுதான் அவர் சொன்ன காரணம். பிறந்த வீட்டுக்கு வெறுங்கையோடு போகலாமா? அதற்கென்றே இங்கிருந்து ஒரு மைசூர்பாகு டப்பாவும், அந்த பிரஸ்ஸில் தன் காலாலேயே முத்திரை குத்திய பெரிய ஸ்பேனர் ஒன்றும் கொண்டுபோயிருந்தார். ஸ்பேனரைப் புதுத் துண்டில் சுற்றி, மூலையில் மஞ்சள் தடவி வைத்திருந்தார். சாந்தி பார்த்துவிட்டு வேண்டாம் என்றிருக்கிறாள். ஏன் வேண்டாம் என்று அவருக்கு விளங்கவே இல்லை.

அந்த ஊரைப் பற்றி அவர் ஒரேயடியாக எதுவும் சொன்னதில்லை. துண்டு துண்டாகத்தான் சொன்னார், அதுவும் நஞ்சன்கூடு ஸ்டேஷன் பெஞ்சில் என் ரயிலுக்குக் காத்திருக்கும்போது. தொழிற்சாலை பிரம்மாண்டமாக இருந்ததாம், ஜன்னலுக்கெல்லாம் பலகை அடித்து. கார் நிறுத்தும் இடத்தில் இடுப்பளவு புல். கடைத்தெருவில் பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. திறந்திருந்த ஒரு இரும்புச் சாமான் கடையில் நுழைந்து, பச்சை நிற பிரஸ், டோரிஸ் என்று பெயர் எழுதியது, உங்களுக்குத் தெரியுமா என்று சாந்தியை விட்டுக் கேட்டிருக்கிறார். கடைக்காரர் சிரித்துவிட்டாராம். "டோரிஸா? நேராகப் போய் வலதுபக்கம் திரும்பினால் மஞ்சள் வீடு. இப்போது தோட்டத்தில்தான் இருப்பாள்."

"அம்மிணி, எனக்கு நெஞ்சு நின்னு போச்சுங்க" என்றார் அண்ணன். "சாமியோட வீட்டு விலாசத்தை ஒருத்தன் சாவகாசமாச் சொல்றான்."

டோரிஸ் எண்பதைத் தாண்டிய, ஒல்லியான, நிமிர்ந்த பெண்மணி. அந்த பிரஸ்ஸில் கல்யாணத்துக்கு முன்பு சேர்ந்து, தொழிற்சாலை மூடும்வரை நின்றவர். பெயரை ஏன் எழுதினீர்கள் என்று கேட்டதற்கு, அடுத்த ஷிப்டில் வருகிற ஆள் தான் பொருத்திவைத்த அளவுகளையெல்லாம் மாற்றிவைத்துவிடுவான், வேறு யாரும் அதைத் தொடக்கூடாது என்பதற்காக எழுதியது என்றாராம். பூ மட்டும் சும்மா, அழகுக்கு. பெடலில் கம்பளம் கட்டியது குளிர்காலத்தில் இரும்பு ஷூவுக்குள்ளும் சில்லென்று ஏறும் என்பதற்காக. வேறு யாரும் தொடக்கூடாது என்று அவர் எழுதிய எழுத்தைத்தான் நாங்கள் சந்தனம் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

காபி கொடுத்தார். மைசூர்பாகைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு நன்றாக இருக்கிறது என்றார். அண்ணன் துண்டைப் பிரித்து ஸ்பேனரை அவர் முன்னால் மேஜையில் வைத்தார். டோரிஸ் அதைக் கையில் எடுத்து எடை பார்த்தார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், பிறகு திருப்பி நாட்டின் பெயரைப் படித்தார். படித்துவிட்டு, மெதுவாக, சத்தம் வராமல், அண்ணன் உட்கார்ந்திருந்த பக்கமாக நகர்த்தி வைத்துவிட்டார்.

"உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. வேலை சுத்தமாக இருக்கிறது. ஆனால் இதை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன்" என்றாராம். தொழிற்சாலை மூடிய அன்றிலிருந்து தன் நாட்டில் செய்யாத எதையும் அவர் வீட்டுக்குள் சேர்ப்பதில்லை. டிவி கெட்டுப்போனதும் அதோடு டிவி பார்ப்பதையே விட்டுவிட்டார். செருப்பு கிடைப்பதுதான் பெரும்பாடு என்றார். ஊரில் எல்லோரும் ஆரம்பத்தில் அப்படித்தான் சபதம் எடுத்தார்களாம். ஊருக்கு வெளியே பெரிய கடை வந்து எல்லாவற்றையும் பாதி விலைக்கு விற்றதும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். "அவர்களைக் குறை சொல்ல முடியாது, வேலை போனவர்கள்தானே பாதி விலைக்கு வாங்கவேண்டியிருக்கிறது" என்றாராம். எனக்கு இந்தக் கிழவியைப் பார்க்காமலே பிடித்துப்போயிற்று.

ஸ்பேனரைத் தள்ளிய கையை அண்ணன் பார்த்திருக்கிறார். இடதுகை ஆள்காட்டி விரலில் நுனி இல்லை. எந்த இயந்திரம் அதை எடுத்தது என்று அவருக்கு யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்த நேரம் பார்த்து, பேச்சை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு, ஆயுத பூஜை அர்ச்சனையைப் பற்றிச் சாந்தி சொல்லிவிட்டாள். என்ன வேண்டிக்கொள்வீர்கள் என்று கேட்டார் டோரிஸ். "யாரு கைகாலுக்கும் சேதம் வரக்கூடாதுன்னுதாங்க" என்றார் அண்ணன். சாந்தி அதை மொழிபெயர்க்கவில்லை. வேறு என்னவோ சொல்லிச் சமாளித்தாள்.

ஊர் திரும்பியபின் அந்த ஸ்பேனர் பீரோவுக்குள் போய்விட்டது. அண்ணனின் கேலிப்பேச்சும் அதோடு போனது. ஒருநாள் ஸ்டேஷனில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். "அவங்க தொழிற்சாலையை நீங்களா மூடினீங்க? எங்கேயோ உட்கார்ந்து யாரோ கணக்குப் போட்டு மூடினான். நீங்க கிடைச்ச வேலையைச் செஞ்சீங்க. இதுல உங்க தப்பு என்ன அண்ணா?"

"தெரியுமுங்க அம்மிணி. தெரிஞ்சா மட்டும் ஆறிப்போயிருமா?" என்றார். பிறகு சொன்னதை நான் மறக்கமாட்டேன். "அந்தம்மா அந்த மிஷினுக்கு விரலையே குடுத்திருக்குது. அதுல மிதிச்சு மிதிச்சுத்தான் என்ற புள்ளையைப் படிக்க வெச்சேன். என்னைக்காச்சும் ஒருநாள் அந்தம்மா அதைக் கை நீட்டி வாங்கிக்கோணும். வாங்காமப் போனா, நான் ஒருத்தர் சோத்தைப் புடுங்கித் தின்னவனாவே போய்ச் சேரோணும்." ரயில் வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தேன்.

அடுத்து நம் கதை. அதை உங்களுக்கு விரித்துச் சொல்லவேண்டியதில்லை. வாங்குகிறவர்கள் விலையைக் குறைக்கச் சொல்கிறார்கள், குறைத்துக் கொடுக்க வேறு நாட்டில் ஆள் இருக்கிறார்கள் என்று மேனேஜர் கேண்டீனில் நின்று ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் சொன்னார். தமிழில் சொல்லவில்லை, ஆனால் தமிழர்களுக்குத்தான் முதலில் புரிந்தது. வேலை தேடி ஊர்விட்டு வந்தவர்களுக்கு அந்தக் குரல் தெரியும். இயந்திரங்களை வியட்நாம் பக்கம் யாரோ வாங்கியிருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். விற்கிற சாமான் பளிச்சென்று இருக்கவேண்டும் என்று வெளியிலிருந்து பெயிண்டர்கள் வந்தார்கள். டோரிஸ் என்ற பெயரின்மேல் சாம்பல் நிறப் பெயிண்டைப் பீய்ச்சியபோது அண்ணன் பக்கத்திலேயே நின்றிருந்தார். பூ மட்டுமாவது இருக்கட்டும் என்று கேட்டுப் பார்த்தார். பெயிண்டர் பையன் ஹிந்திக்காரன், அவனுக்குப் புரியவில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் சாந்தி மூலமாக டோரிஸுக்குத் தகவல் சொன்னார். இங்கிருந்தும் கொண்டுபோகிறார்கள் என்றாள் சாந்தி. டோரிஸ் கேட்டது ஒரே கேள்வி. "உன் அப்பா அதில் தன் பெயரை எழுதினாரா?" இல்லை என்றதும், "எழுதியிருக்கவேண்டும்" என்றார்.

மறுநாள் காலையில் கணக்குத் தீர்க்கிற காகிதங்களுக்காக நான் கேட்டுக்கு வெளியே வரிசையில் நின்றபோது அண்ணன் வந்தார். கையில் ஒரு சின்ன வெள்ளைப் பெயிண்ட் டப்பா, ஒரு பிரஷ். உள்ளே விடச் சொல்லி ஆர்டர் இல்லை என்று செக்யூரிட்டி கையைப் பிசைந்தார், பாவம், அவருக்கும் அது கடைசி வாரம்தான். "ரெண்டு நிமிஷமுங்க. பேரு எழுதிட்டு வந்தர்றேன்" என்று அண்ணன் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவர் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே கேட் திறந்தது. கன்டெய்னர் ஏற்றிய லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வெளியே வந்தது. நாங்கள் வழிவிட்டு ஓரமாக ஒதுங்கினோம். எந்த லாரியில் எது போகிறது என்று தெரியாது, ஆனால் அண்ணன் அந்த லாரியைப் பார்த்துக் கும்பிட்டார். அந்த வெள்ளைப் பெயிண்டைப் பிறகு வீட்டு ஜன்னலுக்கு அடித்துவிட்டார்.

வேலை போனபின் அவருக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. டோரிஸின் சபதத்தைத் தானும் எடுத்துக்கொண்டார். எதை வாங்கினாலும் திருப்பிப் பார்ப்பது, நம் நாட்டுப் பெயர் இல்லாவிட்டால் கீழே வைத்துவிடுவது. அவரோடு கடைக்குப் போவது ஒரு தண்டனை. ஒரு குடை வாங்க மண்டி மொஹல்லா முழுக்க என்னை நடக்கவைத்திருக்கிறார். ஒரு கடைக்காரர் சலித்துப்போய், "ஸ்வாமி, மழை நம்ம ஊர்துதான், குடை மட்டும்தான் சைனா. நனையாம போங்க" என்றார். அண்ணனும் சிரித்தார், வாங்காமல் நனைந்துகொண்டே பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தார். டார்ச் லைட், சுவர்க் கடிகாரம், பேத்திக்குப் பொம்மை, எல்லாவற்றிலும் இதே கூத்துதான். கைப்பேசி விஷயத்தில் மட்டும் தோற்றுப்போனார். "உள்ளே இருக்கிற சாமானுக்கெல்லாம் யாரு ஊருன்னு அதுக்கே தெரியாதுங்க" என்று சமாதானம் சொல்லிக்கொண்டார்.

போன வருஷம் ஒரு இரும்புச் சாமான் கடையில் தண்ணீர்க் குழாய்க்கு ஏதோ கேட்டுக்கொண்டிருந்தோம். கண்ணாடிப் பெட்டிக்குள் நம் கம்பெனி ஸ்பேனர். அதே அமைப்பு, அதே வளைவு. அண்ணனின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். எடுத்துத் தரச் சொல்லி, கையில் வாங்கி எடை பார்த்தார், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார், திருப்பினார். வேறொரு நாட்டின் பெயர். எழுத்துகள் நேராக, ஆழமாக, நன்றாகவே பதிந்திருந்தன. கடைக்காரரின் பக்கமாக அதை மெதுவாக, சத்தமில்லாமல், நகர்த்தி வைத்தார்.

வெளியே வந்து ஒரு ஓரமாக உட்கார்ந்துகொண்டார். "அம்மிணி, அன்னிக்கு அந்தம்மா தள்ளி வெச்சது எனக்குச் சுள்ளுன்னு குத்துச்சு. இன்னிக்கு என்ற கையே அதைப் பண்ணுதுங்க. நான் பண்ணலே, கை பண்ணுது" என்றார். கொஞ்சம் பொறுத்து, "அங்கே ஒருத்தன் நல்லாத்தான் மிதிக்கறான். ஆனா ஊரு பேருதானே போட்டிருக்குது? ஆளு பேரு எங்கீங்க? பேரு தெரிஞ்சிருந்தாத் தள்ளியிருக்கமாட்டேனோ என்னமோ" என்றார். பக்கத்துக் கடையில் டீ வாங்கிக் கொடுத்தேன். டீ மட்டும் நம் ஊர்தானே என்று சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

அதற்கப்புறம் அவர் டோரிஸைப் பற்றிப் பேசுவது குறைந்தது. அந்தம்மா வாங்கிக்கொள்ளமாட்டாள் என்று முடிவுசெய்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். தானே தள்ளிவைத்தவருக்கு இன்னொருவர் தள்ளியதைத் தப்பென்று சொல்ல வாய் வராது. ஆனால் பீரோவில் சட்டைக்கு அடியில் அந்தத் துண்டு மூட்டை இருந்துகொண்டே இருந்தது.

காரியங்களுக்காகச் சாந்தி வந்தாள். பீரோவைத் திறந்து அவள்தான் அதை எடுத்தாள். அமெரிக்காவிலிருந்து புறப்படுவதற்கு முன்பே டோரிஸுக்குப் போன் செய்து சொல்லியிருக்கிறாள். அப்பா போய்விட்டார் என்று கேட்டதும் அந்தம்மா கேட்டது, "அன்றைக்கு அவர் கொண்டுவந்தாரே, அது இருக்கிறதா? எனக்குக் கொண்டுவா." உங்கள் சபதம் என்ன ஆவது என்று சாந்தி கேட்டிருக்கிறாள். "அங்கேயும் இப்போது யாரும் அதைச் செய்வதில்லை அல்லவா? நான் அதை வாங்குவதால் யார் வேலையும் எங்கேயும் போகப்போவதில்லை" என்றாராம் டோரிஸ். இதைச் சொல்லிவிட்டுச் சாந்தி என் தோளில் சாய்ந்து அழுதாள். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. இந்த வார்த்தைக்காகத்தானே அந்த மனிதர் காத்துக்கிடந்தார். ஒரு மாதம் முன்னால் வந்திருக்கக்கூடாதா?

ஸ்பேனரை ஒருநாள் என்னிடம் கொடு என்று சாந்தியிடம் வாங்கிக்கொண்டு, அதே பாத்திரக் கடைக்குப் போனேன். கல்யாணச் சீருக்கு வாங்கும் குடத்திலும் தட்டிலும் கொடுப்பவர் பெயரை வெட்டித் தருவார்கள் அல்லவா, அந்த மெஷின் அங்கே உண்டு. லைட்டர்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். ஸ்பேனரை நீட்டியதும் திகைத்தார். "மேடம், ஸ்பேனருக்கு யாராவது ஹெசர் போடுவாங்களா?" கொடுப்பவர் பெயர் போடவேண்டாமா என்று கேட்டேன். அவருக்குக் கன்னடம்தான் எழுதவரும். கடைக் காகிதப் பையின் பின்புறம் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதிக் காட்டினேன். படம் பார்த்து வரைவதுபோல அந்த எழுத்துகளைப் பார்த்துப் பார்த்து வெட்டினார். பாத்திரத் தகடு வேறு, இந்த இரும்பு வேறு. ஊசி வழுக்கிக்கொண்டே இருந்தது. "பிடிக்கமாட்டேங்குது மேடம், ரொம்ப கெட்டி" என்று மூன்று தடவை மேலேயே ஓட்டினார். கடைசியில் மெருகில் ஒரு கீறல்போலத்தான் விழுந்தது. நேராகப் பார்த்தால் தெரியாது. வெளிச்சத்தில் சாய்த்தால், 'மேட் இன் இந்தியா' என்று அண்ணனின் கால் பதித்த எழுத்துகளுக்குக் கீழே, மெல்லியதாகப் பழனிசாமி என்று தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை சாந்தி அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள். டோரிஸ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முன்பு செய்ததுபோலவே எடை பார்த்து, சாய்த்துப் பார்த்து, திருப்பியிருக்கிறார். நாட்டின் பெயரைத் தாண்டிக் கீழே வந்ததும், நுனியில்லாத விரலால் அந்தக் கீறல்களைத் தடவினாராம். "இது என்ன, கம்பெனியின் பெயரா?" என்று கேட்டார். இல்லை, எங்கள் அப்பாவின் பெயர் என்றாள் சாந்தி. டோரிஸ் அதைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னார். இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தார், சரியாக வரவில்லை. பிறகு மேஜையில் தன் பக்கமாக வைத்துக்கொண்டார்.

இதை அண்ணனிடம் சொல்ல வழியில்லை. அதுதான் என் துக்கம். அதற்காகத்தான் உங்களிடம் சொல்கிறேன்.

அவருடைய பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது எதையும் திருப்பிப் பார்க்கும் பழக்கம் ஒன்றுதான். அவரைப்போலச் சபதமெல்லாம் காக்க என்னால் முடியாது. பெயர் வெட்டி முடித்த அன்றைக்கே அந்த லைட்டரையும் வாங்கிவிட்டேன். எந்த நாடு என்று கேட்காதீர்கள், அண்ணன் இருந்தால் பேசியிருக்கமாட்டார். வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைக்கும் முன் அதைத் திருப்பி, நாட்டின் பெயருக்குக் கீழே விரலை வைத்துத் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.